லோரி நம்பர் 666: வேதாகமத்தில் எண்களுக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

குலை_லோரி (பந்திங்)
வணக்கம். செம்பனைக் குலை ஏற்ற ஒரு பழைய லோரி வாங்கினேன். நம்பர் 666. விற்ற தவுக்கேவுக்கு (சீன முதலாளிக்கு) ஒரே சந்தோஷம், இந்த நம்பருக்கே நீ கூடக் கொடுக்கணும் என்றார். சீனர்களுக்கு ஆறு ராசியான எண். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தால், அத்தை வாசலைத் தாண்டி வரவில்லை. மிருகத்தின் இலக்கமாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பக்கம் கொண்டுவரக் கூடாதாம். போதாததற்கு வாட்ஸ்அப்பில் ஒருத்தர் பட்டியல் வேறு அனுப்புகிறார்: 7 நல்லது, 13 கெட்டது, 40 சோதனை என்று. வேதாகமத்தில் இதெல்லாம் நிஜமாகவே இருக்கிறதா? காசு கட்டி நம்பரை மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நாலுநம்பர்_மச்சான்
மாற்றாதே. முன்னால் ஒரு எண்ணைப் போட்டு சனிக்கிழமை நாலு நம்பர் லாட்டரி எடு. அடித்தால் எனக்குப் பாதி.

பழைய கிராணி (பத்தாங் பெர்சுந்தை)
காசைக் கட்டாதே தம்பி, டயருக்கு ஆகும்.

தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிட்டு, செக்ரோல் (வருகைப் பதிவேடு) எழுதியே தலை நரைத்தவன் நான். அதனால் வேதத்தில் எண் வந்தால் பேனாவை எடுத்துவிடுவேன். முதலில் உன் அத்தைக்கு இரண்டு வசனம் காட்டு. 1 இராஜாக்கள் 10:14-இல் சாலொமோனுக்கு ஒரு வருஷத்தில் வந்த பொன் 666 தாலந்து. எஸ்றா 2:13-இல் பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களில் அதோனிகாமின் புத்திரர் 666 பேர். அவர்களை யாரும் எல்லையில் நிறுத்தி வைக்கவில்லை. (இதே கூட்டம் நெகேமியா 7:18-இல் 667 பேர். இப்படி ஒரு தலை கூடினால் என் துரை என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.)

அப்புறம் உன் அத்தை சொல்கிற மிருகத்தின் இலக்கம் 666 வருகிற இடம், வெளிப்படுத்தின விசேஷம் 13:18. அதில் பயப்படு என்று எழுதவில்லை. புத்தியுள்ளவன் கணக்குப் பார்க்கட்டும், அது மனுஷனுடைய இலக்கம் என்றுதான் இருக்கிறது. கணக்கு எப்படி என்றால், பழைய தமிழ்ப் புத்தகத்தில் பக்க எண்ணை க, உ, ங என்று போட்டிருப்பார்களே, அதுபோல எபிரெயர்களுக்கும் எழுத்துதான் எண். ஆகவே எந்தப் பெயரையும் கூட்டலாம். ரோமப் பேரரசன் நீரோ இராயனின் பெயரை எபிரெய எழுத்தில் 'நேரோன் கேசர்' என்று எழுதினால்:

நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50. ஆக 306.
கோஃப் 100, சாமேக் 60, ரேஷ் 200. ஆக 360.

கூட்டிக்கொள். சில பழைய பிரதிகளில் 666-க்குப் பதில் 616 என்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனியு என்ற சபைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, தப்பு என்று தள்ளியிருக்கிறார். ஆனால் லத்தீன்காரர்கள் சொல்கிற மாதிரி 'நேரோ' என்று கடைசி நூனை விட்டுவிட்டால் 50 குறையும். வருவது சரியாக 616! பல ஆய்வாளர்கள் நீரோவைக் கைகாட்டுவதற்கு இது பெரிய காரணம். ரோமில் கிறிஸ்தவர்களைக் கொன்றவன் அவன். பெயரை வெளிப்படையாக எழுதினால் எழுதியவன் தலை போகும், அதனால் கணக்காகப் போட்டு வைத்தார்கள். உன் லோரியை நினைத்து யாரும் எழுதவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது மத்தேயு முதல் அதிகாரம். வம்ச வரலாறு என்றதும் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற பக்கம். 17-ஆம் வசனத்தில் பதினாலு, பதினாலு, பதினாலு தலைமுறை என்று மூன்றாகக் கட்டியிருக்கிறார். ஏன் பதினாலு? தாவீதின் பெயர் எபிரெயத்தில் மூன்றே எழுத்து: தாலேத் 4, வாவ் 6, தாலேத் 4. ஆபிரகாமிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார், பதினாலாவது பெயர் தாவீது. அந்த எண்ணிக்கை வருவதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்களையே காணோம். இயேசு தாவீதின் குமாரன் என்பதை மத்தேயு எண்ணாலும் சொல்லிவிட்டார்.

ஏழு உனக்கே தெரியும்: படைப்பின் ஏழு நாள், எரிகோவை ஏழாம் நாளில் ஏழு தரம் சுற்றியது, நாகமான் யோர்தானில் ஏழு தரம் முங்கியது. முழுமைக்கு ஏழு. பன்னிரண்டு இஸ்ரவேலின் கோத்திரக் கணக்கு. யூதாஸ் போனதும் மத்தியாவைச் சேர்த்து அப்போஸ்தலரைப் பன்னிரண்டு ஆக்கியது அதனால்தான்.

13 கெட்டது என்று வேதத்தில் எங்கும் இல்லை. யூதப் பையன் 13 வயதில்தான் கட்டளைகளுக்குப் பொறுப்பாளி ஆகிறான், வீட்டில் விருந்தே வைக்கிறார்கள். வாட்ஸ்அப் பட்டியலை அழித்துவிடு.

டியூஷன்_டீச்சர்
ஐயா, நீரோ கி.பி. 68-இலேயே செத்துவிட்டான். வெளிப்படுத்தின விசேஷம் 95 வாக்கில் எழுதப்பட்டது என்றுதானே பொதுவாகச் சொல்கிறார்கள்? செத்தவனுக்கு எதற்கு இவ்வளவு ஒளிவுமறைவு? ஆறு என்பது ஏழுக்கு ஒன்று குறைவு, மூன்று தரம் குறைவு என்று எங்கள் பாஸ்டர் சொல்வார்.

பழைய கிராணி
நல்ல கேள்வி டீச்சர். நீரோ சாகவில்லை, கிழக்கே ரோமின் எதிரிகளான பார்த்தியர் பக்கம் ஒளிந்திருக்கிறான், படையோடு வருவான் என்ற வதந்தி வருஷக்கணக்கில் ஓடியது. நான்தான் நீரோ என்று கிளம்பிய போலிகளும் உண்டு. 13:3-இல் அந்த மிருகத்துக்குச் சாவுக்கேற்ற காயம் ஆறிப்போன தலை ஒன்று வருகிறதே, அதையும் இதோடு வைத்துப் படியுங்கள். அடுத்த நீரோ வந்துவிட்டான் என்று சொல்ல, பழைய நீரோவின் கணக்கே போதும். பாஸ்டர் சொல்வதையும் தள்ளவேண்டாம். இந்தப் புத்தகம் முழுக்க ஏழு சபை, ஏழு முத்திரை, ஏழு எக்காளம் என்று போகிறபோது ஆறு உறுத்தத்தான் செய்யும். ஆனால் வசனம் கணக்குப் பார்க்கச் சொல்கிறது. நான் பார்த்தேன்.

ஞாயிறுபள்ளி_அக்கா
கிராணி ஐயா, 40-ஐ விட்டுவிட்டீர்களே. ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து 40 நாள் என்கிறோம், காலண்டரில் எண்ணினால் 46 வருகிறது. பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பழைய கிராணி
நோவா காலத்து மழை, சீனாய் மலையில் மோசே, ஓரேபுக்கு எலியாவின் நடை, நினிவேக்குக் கொடுத்த கெடு, வனாந்தரத்தில் இயேசுவின் உபவாசம், எல்லாமே நாற்பது நாள். நாற்பது முடிந்தால் பழைய நிலை இருக்காது, அதுதான் அதன் குணம். லெந்து கணக்கு லேசு. லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். அதில் ஞாயிறு ஆறு. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அன்றைக்கு உபவாசம் கிடையாது. அதனால் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியென்றால் ஞாயிறு ஆட்டுக்கறி சாப்பிடலாமா என்று பிள்ளைகள் அடுத்துக் கேட்கும். அதற்குப் பாஸ்டரைக் கைகாட்டி விடுங்கள்.