ஐபிஎல் பிளேஆஃப் (கடைசி சுத்து) மேட்ச் பாக்க உண்மையிலயே எவ்ளோ ஆவுது? நம்ம வேலூர் பக்கத்துல இருந்து போனவங்க சொல்லுங்கப்பா

சத்துவாச்சாரி மஞ்சச்சட்டை:

வீட்ல ஒரு பஞ்சாயத்து ஓடிக்கினு கீது. பீரோவ ஒழிக்கும்போது 2023ல நான் மேட்ச் பாக்க போன டிக்கெட்டு, லாட்ஜ் பில்லு, ஏர்போர்ட்ல டீ குடிச்ச பில்லு வரைக்கும் ஒரு கவர்ல போட்டு வச்சிருந்தது எம் பொண்டாட்டி கைல மாட்டிக்கிச்சு. நான் அப்போ "எல்லாம் சேத்து ஒரு எட்டாயிரம் ஆச்சும்மா"ன்னு சொல்லி வச்சிருந்தேன். அவ பையனோட நோட்டுல எழுதி கூட்டிட்டா. 32,650.

கணக்கு இதான். மே 23 சேப்பாக்கத்துல குஜராத்தோட நம்ம சிஎஸ்கேவுக்கு குவாலிபயர் 1, ஜெயிச்சா நேரா பைனலு. ஆன்லைன் கியூல ரெண்டு போன் வச்சிக்கினு உக்காந்தும் கெடைக்கல, தெரிஞ்ச பையன் ஒருத்தன் மூலமா டிக்கெட்டுல போட்ட விலைக்கு டபுளுக்கும் மேல, ஆறாயிரம். நாலு பேரு ஒரு கார்ல போனதுல டீசல், சென்னசமுத்திரம் நெமிலி ரெண்டு டோலு எல்லாம் பிரிச்சி தலைக்கு 900, சாப்பாடு 450. 15 ரன்ல ஜெயிச்சோம். இதோட வூட்டுக்கு வந்திருந்தா ஒன்னியும் இல்ல.

கார்ல திரும்பி வரும்போதே ஸ்ரீபெரும்புதூர்கிட்ட ஒருத்தன் "அகமதாபாத் போலாமா"ன்னான், அவன் சொன்னதோட சரி, வரல, நான் போனேன். பைனல் டிக்கெட் 2,000. போறதுக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸ்ல தட்கல் ஸ்லீப்பர் 1,050, அது காட்பாடி பக்கமே வராது, மெட்ராஸ் போய் ஏறணும், ஒன்றரை நாள் பயணம். 28ந்தேதி பைனலு, 29 நைட்டு நவஜீவன்ல ரிட்டர்னு இன்னொரு 1,050க்கு தட்கல் போட்டேன். 28 புல்லா மழை, டாஸ் கூட போடல. ரிசர்வ் டேன்னு மேட்ச 29க்கு தள்ளிட்டாங்க. நம்ம ட்ரெயினு கெளம்பற நேரத்துல மேட்ச் நடந்துக்கினு கீது, தட்கல்ன்றதால கேன்சல் பண்ணா ஒரு பைசா வராது. லாட்ஜ்ல ரெண்டு நைட்டு 1,800 மேனிக்கு, மூணாவது நைட்டுக்கு அதே ரூம 3,500ன்னாரு. 30ந்தேதி பிளைட்டு 11,200. ஆட்டோ, சாப்பாடு, நனைஞ்ச ஷூவுக்கு பதிலா வாங்குன செருப்பு எல்லாம் 2,900.

அதாவது பைனலுக்கு ஆன 25,300ல டிக்கெட்டு வெறும் ரெண்டாயிரம். வீணான ரிட்டர்னு, மூணாவது நைட்டு, பிளைட்டுன்னு மழைக்கு மட்டும் நான் குடுத்தது 15,750.

ராத்திரி ஒன்றரை மணிக்கு மோஹித் சர்மாவோட கடைசி ரெண்டு பால்ல ஜடேஜா சிக்ஸும் போரும் அடிச்சதை நேர்ல பாத்தவன் நான். அந்த நிமிஷத்துக்கு 32,650 கம்மின்னுதான் சொல்வேன், ஆனா வீட்ல சொல்ல முடியாது. அந்த ஜடேஜாவே இப்போ ராஜஸ்தானுக்கு போயிட்டாரு, 2025ல கடைசி எடத்துல வந்தோம், "கடைசி பெஞ்சு டீமுக்கு பிளேஆஃப் பட்ஜெட்டா"ன்னு எம் பொண்டாட்டி கேக்கறதுக்கு பதிலு இல்ல.

என் கேள்வி: எட்டாயிரத்துல முடிக்கற மாதிரி யாராச்சும் போய் வந்திருக்கீங்களா? முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்கி வைக்கணும்னா எவ்ளோ ஒதுக்கலாம்? டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி வேற 28ல இருந்து 40 ஆகிடுச்சு.

---

காட்பாடி ஜங்ஷன்:

தம்பி, ஜிஎஸ்டி பத்தி கவலைப்படாத. 2,000 ரூபா அடிப்படை விலைன்னா முன்னாடி 2,560, இப்போ 2,800. 240 ரூபாதான் வித்தியாசம். உன்ன தின்னது அது இல்ல. எந்த ஊர்ல, எந்த டீமு, எந்த தேதின்றது கடைசி நேரம் வரைக்கும் தெரியாது, தெரிஞ்ச அன்னைக்கு எல்லாரும் ஒரே நேரத்துல புக் பண்ண ஓடறோம், அதான் தின்னுது.

எனக்கு 2019ல ஆச்சு. 2018ல கப்பு அடிச்சதால பைனல் சேப்பாக்கம்னாங்க, நான் ரொம்ப புத்திசாலின்னு நெனச்சிக்கினு ஏப்ரல்லயே திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்து வச்சேன். ஐ, ஜே, கே ஸ்டாண்டு தொறக்க பர்மிஷன் கெடைக்கலன்னு பைனல ஹைதராபாத்துக்கு மாத்திட்டாங்க. அட்வான்ஸ் போச்சு. அந்த பைனல்ல மும்பைகிட்ட ஒரு ரன்ல தோத்தோம், நேர்ல பாக்காததே நல்லதுன்னு மனச தேத்திக்கினேன். 2025ல கூட கொல்கத்தாவுல இருக்க வேண்டிய பைனலு அகமதாபாத்துக்கு போச்சு. அங்க முன்னாடியே ரூம் போட்டவன் கதி இன்னா?

இன்னொரு கூத்து. வழக்கமா கப்பு அடிச்ச டீமோட ஊருக்குதான் அடுத்த வருஷம் பைனல் வரும். 2023ல அடிச்சோம், 2024 பைனல் சேப்பாக்கத்துக்கு வந்துச்சு, ஆனா நம்மாளுங்க பெங்களூர்ல 27 ரன்ல தோத்து வெளிய. பந்தல் நம்மளது, கல்யாணம் வேற யாரோடதோ.

எட்டாயிரத்துல முடியுமான்னா, சேப்பாக்கம் மட்டும்னா முடியும். காட்பாடில இருந்து செகண்ட் சிட்டிங், நூறு ரூபாகிட்ட. சென்ட்ரல்ல இறங்கி மெட்ரோல அரசினர் தோட்டம், அங்கேர்ந்து நடை. கொஞ்ச வருஷமா மேட்ச் டிக்கெட் காட்டுனா மெட்ரோவும் மாநகர பஸ்ஸும் ப்ரீயா விட்டாங்க, நீ போற வருஷம் உண்டான்னு பாத்துக்க. நான் போனப்போ முடிஞ்சதும் கோயம்பேடு வந்தா நைட்டு பஸ் கெடைச்சுது, விடியறதுக்குள்ள வேலூர். இல்லன்னா சென்ட்ரல்லயே குந்திக்கினு இருந்து காலைல கோவை எக்ஸ்பிரஸ். டிக்கெட்ட தவிர்த்து ஆயிரத்துக்குள்ள நான் முடிச்சிருக்கேன். அகமதாபாத் எல்லாம் போவாத. போனா ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காம போ.

---

ஆம்பூர் சோல்:

நான் 2024 பைனல் போனேன். நம்ம டீமு இல்லன்னா கூட பைனலு பைனலுதானேன்னு ஒரு ஆசை. ஹைதராபாத்து 18.3 ஓவர்ல 113க்கு ஆல் அவுட்டு, கொல்கத்தா 10.3 ஓவர்ல முடிச்சிட்டான். 40 ஓவர் இருக்க வேண்டிய மேட்சு, மொத்தம் 29 ஓவர்தான். நான் பாத்ரூம் போய் வந்த நேரத்துல ரெண்டு விக்கெட்டு, பப்ஸ் வாங்க கியூல நின்ன நேரத்துல ரெண்டு விக்கெட்டு. ஷூ கம்பெனில ஷிப்ட்டு விட்டுட்டு போனது, ஒரு நாள் சம்பளமும் அட்டெண்டன்ஸ் போனஸும் காலி. இத்த யாரும் கணக்குல எழுத மாட்றீங்க.

வாட்ஸப்ல டிக்கெட் கீதுன்னு சொல்றவன நம்பாதீங்க. எங்க தெருவுல ஒரு பையன் குவாலிபயருக்கு க்யூஆர் ஸ்கிரீன்ஷாட்ட வாங்கிக்கினு போய் கேட்ல நின்னான், அதே க்யூஆர்ல அவனுக்கு முன்னாடியே மூணு பேரு வந்துட்டாங்களாம். ஏழாயிரம். வெளிய நின்னுக்கினு சத்தத்த மட்டும் கேட்டுட்டு வந்தான்.

32,650க்கு நல்ல டிவியே வரும் தலைவா. பிரியாணிய ஆர்டர் பண்ணிட்டு வூட்ல உக்காந்து பாருங்க, மழை வந்தா சேனல மாத்திக்கலாம்.

---

விசில் அக்கா (தோட்டப்பாளையம்):

காட்பாடி அண்ணா சொல்ற ஆயிரம் ரூபா கணக்கு ஆம்பளைங்களுக்கு மட்டும். நானும் எம் பொண்ணும் போனா மேன்ஷன்ல தங்க முடியாது, ராத்திரி ஒரு மணிக்கு கோயம்பேட்ல நின்னுக்கினு பஸ்ஸுக்கு காத்திருக்க முடியாது, சென்ட்ரல்ல பேப்பர் விரிச்சி படுக்கவும் முடியாது. 2023 குவாலிபயருக்கு போய் வர வண்டி பேசுனேன், டிரைவர் பேட்டாவோட 5,500. ரெண்டு டிக்கெட்ட விட வண்டி வாடகை ஜாஸ்தி. டிரைவரு மேட்ச் முடியற வரைக்கும் பீச் ரோட்ல வண்டிய போட்டுட்டு தூங்குனாரு, திரும்பி வரும்போது "யாரு ஜெயிச்சது மேடம்"னாரு.

உள்ள போனா இன்னொரு செலவு. கைப்பை கூடாது, தண்ணி பாட்டில் கூடாது, வீட்டு சாப்பாடு கூடாது. நான் கட்டிக்கினு போன எலுமிச்சை சாதத்த கேட்டுக்கு வெளியவே நின்னு ரெண்டு பேரும் சாப்ட்டோம். அக்னி நட்சத்திரம் வேற. நம்ம வேலூர் வெயிலு பழக்கம்தான், ஆனா மெட்ராஸ்ல அந்த கசகசப்பு இருக்கே, ருதுராஜ் 60 அடிக்கறதுக்குள்ள எனக்கு புடவை நனைஞ்சி போச்சு.

ஆனா ஒன்னு சொல்றேன். எம் பொண்ணு அப்போ பத்தாவது முடிச்சிருந்தா. நைட்டு ரெண்டு மணிக்கு வாலாஜா தாண்டி டீக்கடைல நிறுத்துனப்ப, அங்க நின்ன நாலு பஸ்ஸு, எட்டு காரு எல்லாம் மஞ்ச சட்டை. யாரோ ஒருத்தர் விசில் அடிச்சாரு, இவ பதிலுக்கு அடிச்சா, கடைக்காரரு எழுந்து வந்து திட்டுனாரு. 5,500ல ஒரு பாதி அந்த டீக்கடைக்குன்னு வச்சிக்கலாம்.

---

சியாட்டில் ராணிப்பேட்டை:

வணக்கம் எல்லாருக்கும், நான் ராணிப்பேட்டைதான், இப்போ சியாட்டில்ல கீறேன். உங்க வயித்தெரிச்சல் எனக்கும் உண்டு, ஆனா பேஸ்பால்ல. இங்க மரினர்ஸ்னு ஒரு டீமு, 1977ல ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் வேர்ல்டு சீரிஸ், அதாவது பேஸ்பால் பைனலு, ஆடாத ஒரே டீமு. புரியும்படி சொல்லணும்னா, நம்ம பெங்களூர்காரனாவது நாலாவது பைனல்ல 2025ல கப்பு அடிச்சிட்டான், இவங்க பைனலுக்கே போனதில்ல.

2025 அக்டோபர்ல இவங்க பிளேஆஃப் வந்தாங்க. ரெகுலர் சீசன்ல வீட்டு மேட்சே 81 இருக்கும், அதனால சாதாரண நாள்ல டிக்கெட் சல்லிசா கெடைக்கும், பிளேஆஃப் வந்ததும் அதே சீட்டு விலை எங்கயோ போயிடும். டெட்ராய்ட்டோட அஞ்சாவது மேட்சுக்கு மேல கோடி சீட்டு ஒன்னு 240 டாலருக்கு வாங்குனேன். வழக்கமா ஒம்போது இன்னிங்ஸ்ல முடியற மேட்சு 15 இன்னிங்ஸ் போச்சு, அஞ்சு மணி நேரம்கிட்ட, 3-2ல ஜெயிச்சாங்க. ரன் ஒன்னுக்கு 48 டாலர்னு வச்சிக்கோங்க. அடுத்த ரவுண்டுல டொரண்டோகிட்ட கடைசி ஏழாவது மேட்ச்சு, அதுல ரன்னு 3-1ன்னு முன்னால இருந்தாங்க, ஏழாவது இன்னிங்ஸ்ல டொரண்டோ ஸ்பிரிங்கர் ஒரே அடியில மூணு ரன்ன தூக்கிட்டான், முடிஞ்சது.

சொல்ல வந்தது இன்னான்னா, இங்க ரெண்டு விஷயம் நல்லா வச்சிருக்காங்க. ஏழு மேட்ச் சீரிஸ்ல அஞ்சாவது ஆறாவது ஏழாவது மேட்ச் நடக்குமா நடக்காதான்னு தெரியாது, ஆனாலும் டிக்கெட்ட முன்னாடியே விப்பாங்க, நடக்கலன்னா காசு திரும்பி வந்துடும். அப்புறம் வாங்குனவன் வேற ஒருத்தனுக்கு ஆப்புலயே வெளிப்படையா விக்கலாம், நீங்க பிளாக்குன்னு சொல்றது இங்க கடை போட்டு நடக்குது. விலை கன்னாபின்னான்னு ஏறும், ஆனா க்யூஆர் ஒரிஜினலா இருக்கும், சில நாள் மேட்சுக்கு அரை மணி நேரம் முன்னாடி சரசரன்னு எறங்கவும் செய்யும். நான் ஸ்டேடியம் பக்கத்துல போன் பாத்துக்கினே நிக்கறது இதுக்குதான்.

அக்காவுக்கு ஒரு சேதி: இங்க வெளி சாப்பாடு உள்ள விடறாங்க. டெட்ராய்ட் மேட்சுல பதிமூணாவது இன்னிங்ஸ்ல புளிசாதம் பிரிச்சேன். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரரு இன்னாதுன்னு கேட்டாரு, ஒரு ஸ்பூன் குடுத்தேன், உறைப்புல கண்ணு கலங்கிட்டாரு, அப்பவும் ஸ்கோர்போர்ட விட்டு கண்ண எடுக்கல.

---

சத்துவாச்சாரி மஞ்சச்சட்டை:

எல்லாருக்கும் தேங்க்ஸ். ஆம்பூரு, டிவி கணக்க எம் பொண்டாட்டி படிச்சிட்டா, உனக்கு ஒரு கும்பிடு போட சொன்னா. அண்ணா சொன்ன மாதிரி இனிமே சேப்பாக்கம் மட்டும்தான், வெளியூர்னா ரிட்டர்ன் டிக்கெட் எடுக்க மாட்டேன்.

அக்கா எழுதனத அவகிட்ட படிச்சி காட்டுனேன். வாலாஜா டீக்கடை வரைக்கும் சும்மா கேட்டா. அப்புறம் "அந்த பொண்ணுக்கு அவங்க அம்மா கூட்டிக்கினு போயிருக்காங்க, என்ன எவன் கூட்டிக்கினு போனான்"ன்னா. இத்தனை வருஷத்துல அவளும் வருவான்னு எனக்கு தோணவே இல்ல. இப்போ கணக்கு மாறிடுச்சு: ரெண்டு டிக்கெட்டு, வண்டி, எல்லாம் சேத்து பதினஞ்சாயிரம்னு பேசி வச்சிருக்கோம். பத்து பேரா சேந்து மாசம் ஆயிரத்து ஐநூறுன்னு ஒரு சீட்டு போடலாமான்னு யோசனை, பிளேஆஃப் வந்தா மேட்சு, வரலன்னா தீபாவளி. யாராச்சும் சேர்றீங்களா?

---

காட்பாடி ஜங்ஷன்:

தீபாவளி சீட்டுன்னு நம்ம ஜில்லாவுல காது குத்துனது பத்தாதா தம்பி. காச யாரு வச்சிக்கறது?

---

விசில் அக்கா (தோட்டப்பாளையம்):

அவர் பொண்டாட்டி வச்சிக்கட்டும். அப்படின்னா என் பேர எழுதிக்கோங்க, ரெண்டு சீட்டு.