மறு: டெரிட்டோரியல் ரைட்ஸ் – தமிழில்? (பாட்ஸ்வில் மரூன்ஸ், 1925)

> 'பிராந்திய உரிமை' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

'டெரிட்டோரியல் ரைட்ஸ்' (ஓர் ஊரை ஒரு லீக் ஓர் அணிக்கென ஒதுக்கித் தரும் உரிமை) என்பதற்கு நீங்கள் சொன்ன சொல் புரியும்தான், ஆனால் வேறு ஏதோவாகப் புரியும். அதைக் கேட்டதும் மாநில சுயாட்சி, நதிநீர்ப் பங்கீடு என்று மனம் போய்விடுகிறது. இன்னொரு நண்பர் சொன்ன 'உள்ளூர் ஆட்ட உரிமை' இன்னும் நெருக்கமானது. ஆனால் அது சொந்த ஊரில் ஆடும் உரிமையை மட்டும் சொல்கிறது. பாட்ஸ்வில் மரூன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் கதையில் சிக்கலே, அடுத்தவரை ஆட விடாமல் தடுக்கும் உரிமையில்தான்.

பாட்ஸ்வில், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உள்ள சிற்றூர். என்.எஃப்.எல்லில் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) அதன் அணியான மரூன்ஸுக்கு 1925தான் முதல் பருவம். டிசம்பர் 6 அன்று சிகாகோவுக்கே போய் அந்த ஊர் அணியான கார்டினல்ஸை 21-7 என வென்றது. பட்டம் கையில் வந்துவிட்டது என்றே ஊர் நினைத்தது. அப்புறம் டிசம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க்கில், நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் நட்சத்திரங்களோடு ஒரு காட்சி ஆட்டம். மரூன்ஸின் சார்லி பெர்ரி கடைசி நேரத்தில் உதைத்த ஃபீல்டு கோலால் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் பெறும் புள்ளிகள்) 9-7 என வெற்றி.

வினை அந்த வெற்றியில்தான் வந்தது. ஃபிலடெல்ஃபியா, அதே லீக்கில் ஆடிய ஃபிராங்க்ஃபர்ட் யெல்லோ ஜாக்கெட்ஸ் என்ற அணிக்கு உரிய இடம். அவர்கள் முறையிட்டார்கள். ஆட வேண்டாம் என்று லீக் தலைவர் ஜோ கார் முன்பே எச்சரித்திருந்தார். லீக் அலுவலகம் தொலைபேசியில் சம்மதித்தது என்பது பாட்ஸ்வில் தரப்பின் வாதம். ஜோ கார் மரூன்ஸ் அணியை இடைநீக்கம் செய்தார். இதற்கிடையே பட்டத்துக்காக கார்டினல்ஸ் அவசரமாக இரண்டு ஆட்டங்களை ஏற்பாடு செய்து வென்றிருந்தது. அதில் ஒன்றில் எதிரணியான மில்வாக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடினார்கள், 59-0! பட்டம் இன்றும் கார்டினல்ஸ் பெயரில்தான் இருக்கிறது. 2003இல் இந்தப் பட்டத் தகராறை மறுபடி திறக்கலாமா என்று கேட்டபோது லீக்கின் அணி உரிமையாளர்கள் 30-2 என மறுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், களத்தில் வென்றவர்கள் பாட்ஸ்வில்காரர்கள்தான்.

நமக்கு வேண்டிய விஷயம் இது: ஃபிலடெல்ஃபியாவில் ஆடியது லீக் ஆட்டமே இல்லை, எதிரணியும் லீக்கைச் சேர்ந்தது இல்லை. அப்படியும் உரிமை மீறப்பட்டதாகவே கொண்டார்கள். ஆக உரிமை இடத்தின் மேல். எந்த வகை ஆட்டம் என்பது பொருட்டில்லை.

எனவே என் பரிந்துரை: ஆடுபுலம், ஆடுபுல உரிமை. ஆடுகளம் என்பது ஒரு மைதானம். ஆடுபுலம் என்பது ஓர் அணிக்கென ஒதுக்கிய ஊரும் சுற்றுப்புறமும். காந்தப்புலத்தோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். 'புலம்பெயர்ந்தோர்' என்னும்போது யாரும் இயற்பியலை நினைப்பதில்லையே.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "ஃபிராங்க்ஃபர்ட்டின் ஆடுபுலத்தில் அனுமதியின்றி ஆடியதால் மரூன்ஸ் இடைநீக்கம் செய்யப்பட்டது." சரளமாகவே வருகிறது. 'ஆடுபுல மீறல்' என்றும் நீட்டலாம்.

இடைநீக்கம் என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தப் பருவத்தோடு மரூன்ஸுக்கு லீக்கில் ஆடும் உரிமமே பறிபோனதால் 'உரிம நீக்கம்' பொருந்துமா? சட்டத்துறை நண்பர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.