தண்டவாளத்தைப் பிடுங்கியது யார்? (சியாட்டில் சரக்குத் தடம், நம் ஊர்ப் பாடம்)

கொருக்குப்பேட்டை கார்டு:
நேற்று நடைபாதை நண்பன் எழுதியிருந்தார்: "அமெரிக்காவில் சியாட்டில் அருகே பிஎன்எஸ்எஃப் ரயில் கம்பெனி கைவிட்ட 42 மைல் சரக்குத் தடத்தைத் துறைமுக ஆணையம் 2009இல் வாங்கிக் காப்பாற்றியது. சென்னையும் பழைய சரக்குத் தடங்களை இப்படி, அரசும் ரயில்வேயும் கூட்டாக, மீட்க வேண்டும்." காப்பாற்றியதாமே! அந்தத் தடம் கடந்து போகும் கிர்க்லாந்து நகராட்சி அதில் 5.75 மைலை 2012இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. மறு வருடமே தண்டவாளத்தைப் பிடுங்கியது. வடக்கே சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பாலார்ட் டெர்மினல் கம்பெனி, பிடுங்காதீர்கள் என்று வழக்கே போட்டது. ஓட்ட ஆள் இருந்தும் பாதையைப் பிடுங்குவதற்குப் பெயர் மீட்பா?

நடைபாதை நண்பன்:
ஐயா, பாதி கதையோடு நிறுத்திவிட்டீர்கள். அந்த வழக்கு தோற்றது. தடத்தில் மீண்டும் ரயில் விட அந்தக் கம்பெனி கேட்ட அனுமதியையும், ரயில் பாதைகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க மத்திய வாரியம் 2014இல் மறுத்தது. கையில் பணமும் இல்லை, ஏற்றுவதற்குப் போதிய சரக்கும் இல்லை என்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்போது நடைபாதையாக வைத்துக்கொண்டு, தேவை வரும்போது ரயிலுக்குத் திருப்பலாம். தடம் கைமாறினாலும் துண்டு துண்டாகச் சிதறாமல் இருப்பதே அதனால்தான்.

கொருக்குப்பேட்டை கார்டு:
சட்டம் இருக்கட்டும். தண்டவாளம் எங்கே?

மயிலை மாடவீதி:
இருவரும் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். கூட்டு என்றால் நிலம் யாருடையது, வண்டி யாருடையது, நஷ்டம் யார் தலையில்? இதைப் பேசாமல் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். அதோடு, துறைமுகம் வாங்கும் முன்பே, 2008இல், நெடுஞ்சாலையை அகலப்படுத்த பெல்வியூ நகரில் அந்தத் தடத்தின் வில்பர்ட்டன் சுரங்கப்பாதையை இடித்துவிட்டார்கள். பாதை அன்றே இரண்டாகிவிட்டது.

கொருக்குப்பேட்டை கார்டு:
வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், மாடவீதி. சுரங்கம் இருந்தது பெல்வியூவின் தெற்குப் பகுதியில். கிர்க்லாந்து வடக்கே. இன்னும் வடக்கே இருக்கும் உட்டின்வில்லிலிருந்து பெல்வியூ வரை இரும்பு அப்படியே கிடந்தது. அந்த இரும்பைப் பிடுங்கியது நெடுஞ்சாலைத் துறையா? இல்லை. பிடுங்கியது கிர்க்லாந்து. பிடுங்கியது கிர்க்லாந்து. புரிகிறதா?

பல்லாவரம் பாஸ்கர்:
பிடுங்கினால் என்ன சார் குடி முழுகிவிட்டது? பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையையும் 2004இல் நிறுத்திப் பிடுங்கினார்கள். ரயில் ஓடாமலா போயிற்று?

கொருக்குப்பேட்டை கார்டு:
தம்பி, இங்கே மீட்டர் கேஜ் போன இடத்தில் அகலப் பாதை வந்தது. அங்கே வந்தது சரளைக்கல் நடைபாதை. 1931இலிருந்து மின்சார ரயில் ஓடிய தடத்தை அந்தச் சரளையோடு ஒப்பிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பல்லாவரத்தில் குடியிருந்துகொண்டு!

பல்லாவரம் பாஸ்கர்:
எங்கே குடியிருக்கிறேன் என்பதெல்லாம் எதற்கு? உங்களுடன் பேசினால் எப்போதும் இதுதான். பறக்கும் ரயில் விவாதத்திலும் "நீ அதில் ஏறியதே இல்லை" என்று ஆரம்பித்தீர்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் விலாசம் கேட்பது.

கொருக்குப்பேட்டை கார்டு:
ஏறியதில்லை என்று நீங்களே அங்கே எழுதினீர்கள். அதுவும் நல்லதுதான், கூட்டு என்றால் என்ன என்று மாடவீதி கேட்டாரே, பறக்கும் ரயிலையே எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர் - வேளச்சேரி கட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்குப் பணம் மாநில அரசுடையது. ஓட்டியது தெற்கு ரயில்வே. 2007இல் வேளச்சேரி வரை வந்தது. பக்கத்திலேயே இருக்கும் பரங்கிமலையைத் தொட எத்தனை வருடம் இழுத்தார்கள்! பணம் ஒருவர், வண்டி ஒருவர் என்றால் இப்படித்தான். ஆனாலும் தண்டவாளத்தை யாரும் பிடுங்கவில்லை!

நடைபாதை நண்பன்:
ஆக, கூட்டு உருப்படாது என்கிறீர்கள். அப்படியென்றால் கிர்க்லாந்தில் மட்டும் பாலார்டோடு கூட்டு உருப்பட்டிருக்குமா? உங்கள் உதாரணமே உங்களைக் கவிழ்க்கிறது. அந்த வட்டாரத்தில் பஸ்ஸும் ரயிலும் விடும் சவுண்ட் டிரான்சிட் நிறுவனம் அந்தத் தடத்தில் பொதுப் போக்குவரத்துக்கான உரிமையை வாங்கி வைத்திருக்கிறது. நாளை ரயில் விட நிலம் தயாராக இருக்கிறது.

கொருக்குப்பேட்டை கார்டு:
நாளையா? அதே சவுண்ட் டிரான்சிட் அந்தத் தடத்தில் பஸ் விடலாமா என்று பார்த்தபோது, "எங்கள் நடைபாதையைக் காப்பாற்று" என்று பலகை நட்டது யார்? அந்த ஊர்க்காரர்கள். நடந்து பழகியவன் ரயிலுக்கு இடம் விடுவானா? கூவம் கரையில் குடியேறியவர்களையே எழுப்ப முடியாத ஊரில் இருந்துகொண்டு, நடைப்பயிற்சிக்காரர்களை எழுப்பப் போகிறாராம்.

மயிலை மாடவீதி:
கூவம் கரை மக்களை இதில் ஏன் இழுக்கிறீர்கள்? அவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கி எறிந்ததை விளையாட்டாகச் சொல்கிறீர்களா? உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. அதோடு, நஷ்டம் யார் தலையில் என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

கொருக்குப்பேட்டை கார்டு:
பேச்சை மாற்றாதீர்கள். சரக்கு வண்டியில் பச்சைக் கொடி காட்டியே காலம் கழித்தவன் நான். பாதை என்றால் என்னவென்று இணையத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை. நண்பன் ஒரே வரியில் சொல்லட்டும்: கிர்க்லாந்தில் இன்று தண்டவாளம் இருக்கிறதா, இல்லையா?

நடைபாதை நண்பன்:
தடம் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை கார்டு:
நான் கேட்டது தண்டவாளம்.

பல்லாவரம் பாஸ்கர்:
இரவு முழுக்க இதையே கேட்பார். சால்ட் கோட்டர்ஸ் சரக்கு யார்டு நிலத்தை என்ன செய்யலாம் என்று தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே வாருங்கள். கார்டு ஐயா மட்டும் வர வேண்டாம்.

கொருக்குப்பேட்டை கார்டு:
வந்துவிட்டேன். முதல் பதிலே என்னுடையதுதான், போய்ப் பாருங்கள்.