ஜிசிசி நிறுவல் ஆவணத்தைத் திருத்தினேன், எச்டிஎம்எல் பக்கம் வெறுமையாக வருகிறது

கேட்டவர்:

வணக்கம். ஜிசிசி கம்பைலரை (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை) மூலநிரலிலிருந்து கட்டுவது பற்றிய அதிகாரபூர்வ ஆவணத்தில், முன்தேவைகள் பகுதியில் இரண்டு வரி சேர்க்க நினைக்கிறேன். அதற்குத் தேவையான எம்பிசி என்ற கணித நூலகத்தைத் தனி இடத்தில் நிறுவிவிட்டு ஜிசிசியைக் கட்டப் போய், ஒரு முழு நாளைத் தொலைத்தேன். அடுத்து வருபவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதுதான் நோக்கம்.

முதலில் வெளியீட்டு டார்பாலில் (மூலநிரல் தொகுப்புக் கோப்பில்) உள்ள இன்ஸ்டால் டைரக்டரிக்குள் இருந்த எச்டிஎம்எல் கோப்பைத் திருத்தினேன். கிட் மூலநிரல் களஞ்சியத்தில் பார்த்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை. தேடியதில் மூலம் ஜிசிசி/டாக் கீழே இருக்கும் இன்ஸ்டால்.டெக்ஸி என்று தெரிந்தது. அதில் எழுதிவிட்டு, சரியாக வருகிறதா என்று பார்க்க டெக்ஸி கோப்பைப் பிற வடிவங்களாக்கும் மேக்இன்ஃபோவை நேரடியாக ஓட்டினேன். ஜிசிசி-காமன்.டெக்ஸி கிடைக்கவில்லை என்றது. இன்க்ளூட் டைரக்டரியைக் காட்டினேன். அப்புறம் ஜிசிசி-வெர்ஸ்.டெக்ஸி இல்லை என்றது. அந்தப் பெயரில் காலிக் கோப்பு ஒன்றை வைத்தேன். பிழை நின்றுவிட்டது. ஆனால் வந்த எச்டிஎம்எல் பக்கத்தில் உள்ளடக்கமே இல்லை. அதே கோப்பை இன்ஃபோ (முனையத்தில் படிக்கும் ஆவண) வடிவில் எடுத்தால் முழுதாக வருகிறது. என் திருத்தம் எதையாவது உடைத்துவிட்டதா?

மறுமொழி 1:

நீங்கள் எதையும் உடைக்கவில்லை. இன்ஸ்டால்.டெக்ஸியின் தொடக்கப் பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒரே கோப்பிலிருந்து முன்தேவைகள், கான்ஃபிகர், பில்டு, டெஸ்ட் என்று பல எச்டிஎம்எல் பக்கங்கள் பிறக்கின்றன. ஒவ்வொரு பகுதியையும் ஒரு இஃப்செட் நிபந்தனை (அதற்குரிய கொடி ஏற்றியிருந்தால் மட்டும் அந்தப் பகுதியைச் சேர்க்கும் கட்டளை) சூழ்ந்திருக்கிறது. எச்டிஎம்எல் அல்லாத வெளியீடு என்றால் எல்லாக் கொடிகளையும் கோப்பே ஏற்றிவிடும். அதனால்தான் இன்ஃபோ முழுதாக வந்தது. எச்டிஎம்எல்லுக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்ற கொடியை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லாப் பகுதியும் விலக்கப்பட்டு வெற்றுத்தாள்தான் மிஞ்சும்.

இதைக் கையால் செய்ய வேண்டாம். அதே டாக் டைரக்டரியில் இன்ஸ்டால்.டெக்ஸி2எச்டிஎம்எல் என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அங்கேயே நின்று அதை ஓட்டுங்கள். ஜிசிசி-வெர்ஸ்.டெக்ஸியையும் அதுவே எழுதிக்கொள்ளும். நீங்கள் வைத்த காலிக் கோப்பை முதலில் அழித்துவிடுங்கள். பக்கங்களை வேறு இடத்தில் போட வேண்டுமானால் டெஸ்ட்டிர் மாறியில் பாதையைக் கொடுக்கலாம்.

டார்பாலில் உள்ள எச்டிஎம்எல் இதே மூலத்திலிருந்து உருவானதுதான். அதை யார் திருத்தினாலும் அடுத்த வெளியீட்டில் காணாமல் போகும்.

கேட்டவர்:

வந்துவிட்டது! முன்தேவைகள் பக்கம் என் வரிகளோடு சரியாகத் தெரிகிறது. மிக்க நன்றி.

இன்னொரு சந்தேகம். கட்டும் முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் தரும் பிழைச் செய்தியில், முன்தேவை நூலகங்களான ஜிஎம்பி 4.2, எம்பிஎஃப்ஆர் 3.1.0, எம்பிசி 0.8.0 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று வருகிறது. ஆவணத்தில் ஜிஎம்பி 4.3.2, எம்பிஎஃப்ஆர் 3.1.0, எம்பிசி 1.0.1 என்று இருக்கிறது. எது சரி? ஆவணத்தை கான்ஃபிகரோடு ஒத்துப்போகும்படி மாற்றிவிடலாமா?

மறுமொழி 2:

தயவுசெய்து மாற்றாதீர்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். கான்ஃபிகர் சொல்வது, இதற்குக் கீழே போனால் கதவையே மூடிவிடுவேன் என்ற எல்லை. ஆவணம் சொல்வது, இதை வைத்துக்கொண்டால் நிம்மதியாகக் கட்டலாம் என்ற பரிந்துரை. இடைப்பட்ட பதிப்புகளைப் பார்த்தால் கான்ஃபிகர், பிழை உள்ளது ஆனாலும் ஏற்கலாம் என்ற பொருளில் ஒரு வரியை அச்சிட்டுவிட்டு மேலே போகும். ஆவணத்தின் எண்ணைக் குறைத்தால், பிழையுள்ள நூலகத்தை நாமே பரிந்துரைத்தது போல் ஆகிவிடும்.

உங்கள் முழு நாளைத் தின்றது எந்தப் பிழை? அதைச் சொன்னால் சேர்க்கும் வரிகள் பொருத்தமா என்று பார்க்கலாம்.

கேட்டவர்:

கான்ஃபிகர் சிக்கலில்லாமல் முடிந்தது. கட்டும் கருவியான மேக் வெகுநேரம் ஓடி, ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசி கட்டத்தில், ஆப்ஜெக்ட் கோப்புகளின் பின்னொட்டைக் கணக்கிட முடியவில்லை, கம்பைல் செய்ய முடியவில்லை என்று நின்றது. பின்னொட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் கான்ஃபிகர் விருப்பங்களை மாற்றி மாற்றி நாலு முறை முதலிலிருந்து கட்டினேன்.

மறுமொழி 2:

அந்தச் செய்தி பலரையும் திசைதிருப்பும். உண்மைக் காரணம் திரையில் இருக்காது. பில்டு டைரக்டரியில் இலக்குப் பெயருக்குக் கீழே லிப்ஜிசிசிக்குள் இருக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கும். உங்கள் விஷயத்தில் சிசி1 (ஜிசிசிக்குள் இருக்கும் சி கம்பைலர் நிரல்) ஓடும்போது லிப்எம்பிசி.எஸ்ஓ.3 ஐத் திறக்க முடியவில்லை என்ற வரி அங்கே இருந்திருக்க வேண்டும்.

மேல்மட்ட கான்ஃபிகர் இந்த நூலகங்களைச் சோதிக்கும்போது கம்பைல் செய்து இணைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறது, ஓட்டிப் பார்ப்பதில்லை. வித்-எம்பிசி விருப்பத்தில் பாதை கொடுத்திருப்பீர்கள், இணைப்பு வெற்றி. பிறகு புதிதாகக் கட்டிய கம்பைலரை ஓட்டும்போது டைனமிக் லோடருக்கு (நிரல் ஓடும்போது நூலகங்களைத் தேடி ஏற்றும் பகுதிக்கு) அந்தப் பாதை தெரியாது. லோடர் பாதை மாறியில் அந்த டைரக்டரியைச் சேர்க்கலாம், அல்லது லோடருக்கு நூலகப் பட்டியல் தயாரிக்கும் எல்டிகான்ஃபிக்கில் பதியலாம்.

இதைவிட நல்ல வழி, மூல டைரக்டரியின் உச்சியில் நின்று கான்ட்ரிப் கீழே உள்ள டவுன்லோடு_ப்ரீரெக்விசிட்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டுவது. நூலகங்கள் ஜிசிசியோடு சேர்ந்தே கட்டப்பட்டு ஸ்டேட்டிக்காக, அதாவது கம்பைலருக்குள்ளேயே, இணைந்துவிடும். லோடர் பிரச்சினையே எழாது.

கேட்டவர்:

கான்ஃபிக்.லாக்கைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே வரி! அப்படியானால் என் இரண்டு வரிகளில் லோடர் பாதையைச் சொல்வதோடு, எந்த லாக்கைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். கூடவே, ஜிசிசியைக் கட்ட எந்தக் கம்பைலர் வேண்டும் என்று ஆவணத்தில் உள்ள பழைய சி++11 குறிப்புகளையும் ஒரே பேட்ச்சில் (அனுப்பும் திருத்தக் கோப்பில்) திருத்தலாமா?

மறுமொழி 1:

ஒரு பேட்ச்சுக்கு ஒரு விஷயம் போதும். நூலகப் பாதையைப் பற்றியது தனியாகப் போகட்டும். கம்பைலர் தேவை வேறு கதை. ஜிசிசி 15 முதல் பூட்ஸ்ட்ராப் செய்ய (ஏற்கெனவே உள்ள கம்பைலரைக் கொண்டு ஜிசிசியைக் கட்ட) சி++14 கம்பைலர் வேண்டும், ஜிசிசி 5.4 இருந்தால் போதும் என்று ஆவணத்தில் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள். நீங்கள் பார்த்தது பழைய கிளையின் ஆவணமாக இருக்கும். எந்தக் கிளையில் இருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். பேட்ச் மாஸ்டர் கிளைக்குத்தான் எழுத வேண்டும்.

கமிட் செய்தியில் சேஞ்ச்லாக் பகுதி, அதாவது எந்தக் கோப்பில் என்ன மாறியது என்ற பட்டியல், வேண்டும். கோப்பின் பெயருக்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் திருத்திய பகுதியின் பெயரைப் போடுங்கள். வரியின் தொடக்கத்தில் இருப்பது டேப், இடைவெளிகள் அல்ல. புதியவர்களின் கமிட் பெரும்பாலும் இதனால்தான் சோதனையில் தோற்கிறது. கான்ட்ரிப் கீழே ஜிசிசி-சேஞ்ச்லாக் டைரக்டரியில் கமிட்டைச் சோதிக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அனுப்பும் முன் ஓட்டிவிடுங்கள். இந்தத் திருத்தத்தைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் சைன்ட்-ஆஃப்-பை வரியையும் மறக்காதீர்கள். 2021 முதல் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்காமலே அந்த வரியோடு பங்களிக்கலாம்.

கேட்டவர்:

சரிதான், பழைய வெளியீட்டுக் கிளையில் இருந்தேன். மாஸ்டருக்கு மாறி, திருத்தத்தை மறுபடி எழுதி, ஸ்கிரிப்டை ஓட்டிப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன். கமிட் சோதனை முதல் முறை டேப் இல்லை என்று திருப்பியது, இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டது. பேட்ச் இப்போது மதிப்பாய்வுக்குப் போயிருக்கிறது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.