செட்டிநாட்டுச் சுற்றுலா: ஏமாந்தவர்களும் ரசித்தவர்களும் சொன்னவை

திருப்பூர், பனியன் கம்பெனிக் கணக்கர்

செட்டிநாட்டுக்குப் போய் மனம் நொந்து திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நான் இருக்கிறேன். அடுத்துப் போகிறவர்களுக்காவது பயன்படட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

"ஒரே நாளில் செட்டிநாடு" என்று ஒரு டிராவல்ஸ்காரர் விளம்பரம் செய்திருந்தார். அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் பணம் கட்டி வேனில் கிளம்பினோம். கையில் கொடுத்த தாளில் பிள்ளையார்பட்டி, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, கானாடுகாத்தான் அரண்மனை, செட்டிநாட்டு விருந்து, ஆத்தங்குடி, திருமயம் கோட்டை என்று வரிசையாகப் போட்டிருந்தது.

பிள்ளையார்பட்டியில் ஒரு குறையும் இல்லை. மலையைக் குடைந்த கருவறையில் இரண்டே கையோடு, வலம்சுழித்த துதிக்கையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் எல்லாம் கெட்டது. ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு எதிரே வண்டியை ஓரம் கட்டினார்கள். "இறங்கிப் படம் எடுத்துக்கங்க, அஞ்சு நிமிஷம்." உள்ளே போகலாமா என்று கேட்டால், அது தனியார் வீடு, வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி என்றார்கள். கானாடுகாத்தானிலும் அதே கதை. அரண்மனை என்று உலகமே சொல்கிறது. ஆனால் அதுவும் ஒரு குடும்பத்தின் சொந்த வீடு, பொதுமக்கள் நுழைந்து பார்க்கும் இடம் இல்லை. இந்த ஒரு வரியை அந்தத் தாளில் அச்சடித்திருந்தால் நான் வேறு மாதிரி திட்டம் போட்டிருப்பேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் வந்ததற்குக் காரணம், செட்டியார் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை. கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானாப்பா?" என்று கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆத்தங்குடிக்குப் போவதற்குள் நேரமாகிவிட்டது என்று சொல்லி அதையும் தாளிலிருந்து அடித்துவிட்டார்கள்.

ஊர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பூட்டிய கதவு என்று தெரிந்தும் அதையே காட்டிக் காசு வாங்குகிறார்களே, அதுதான் ஆறவில்லை.

சென்னை, அம்பத்தூர்

எங்களுக்கும் இதேதான். நாங்கள் போனது மே மாதம், உச்சி வெயில். பன்னிரண்டரைக்கு ஒரு கோவிலுக்குப் போனால் நடை சாத்தியிருந்தது. இனி நாலு மணிக்குத்தான் என்றார்கள். அதுவரை உட்கார நிழல் தேடி அலைந்தோம். தெருவுக்குத் தெரு மாளிகைகள், அத்தனையும் பூட்டு. பாதி வீடுகளில் மதிலுக்குள் புல் முளைத்துக் கிடந்தது. ஒரு தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. இதைப் பார்க்கவா அத்தனை தூரம் ரயிலேறி வந்தோம் என்றுதான் தோன்றியது.

கானாடுகாத்தான் பக்கத்து ஊர், இல்லத்தரசி

திருப்பூர்த் தம்பி எழுதியதைப் படித்ததும் அந்த அம்மாவை நினைத்து எனக்கு மனசே சரியில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் வந்திருந்தால் நானே கைபிடித்துக் கூட்டிப்போய் வளவில் உட்கார வைத்திருப்பேன். ஆனால் கதவுக்கு உள்ளே இருக்கிறவர்கள் பாடும் உங்களுக்குத் தெரியவேண்டும்.

எங்கள் வீடு என் மாமனாரின் ஐயா காலத்தில் கட்டியது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போய்ச் சம்பாதித்த காசு. தேக்கும் அங்கிருந்தே வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் அங்கே இருந்தவர்களில் பலர் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். பிறகு பர்மா அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. வீட்டைக் கட்டிய வருமானம் போய்விட்டது, வீடு மட்டும் நின்றது. இந்தத் தெருக்களில் இவ்வளவு பூட்டு தொங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்றைக்கு எங்கள் வீட்டில் இருபதுக்கு மேல் புள்ளிகள், அதாவது பங்குள்ள குடும்பங்கள். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிவாரியாகப் பிரித்தவை, சாவியும் அவரவரிடம். முகப்பு, பட்டாலை என்ற கூடம், வளவு எல்லாம் பொது. நாலு ஓடு மாற்றவேண்டும் என்றாலும் எல்லோரும் சம்மதித்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டால்தான் நடக்கும். ஓடு விலகி மழைத்தண்ணீர் இறங்கினால் ஒரே ஐப்பசியில் மச்சு நனைந்து சுவர் ஊதிவிடும். அந்தச் சுவர் சும்மா இல்லை. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, படிப்படியாகத் தேய்த்து ஏற்றியது. நூறு வருஷம் ஆகியும் கன்னத்தை வைத்தால் குளிர்ச்சி தெரியும், நம் முகமும் மங்கலாகத் தெரியும். ஒரு இடத்தில் பெயர்ந்தால் அதே மாதிரி பூசித்தர ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

முன்பெல்லாம் யார் வந்து கேட்டாலும் திறந்து காட்டுவோம். ஒரு தடவை வந்த கூட்டத்தில் இரண்டு பையன்கள் அந்தச் சுவரில் சாவியால் பெயரைக் கீறிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பங்காளிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நானும் எதிர்த்துப் பேசவில்லை.

இந்த வீடுகள் முழுசாக உயிரோடு இருப்பது முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும்தான். அப்போது வந்து பாருங்கள். வளவு முழுக்க ஜமக்காளம், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இலை போட்டுப் பந்தி, மூன்றாம் கட்டுப் பகுதியில் அடுப்பு எரியும். ஒரு வாரம் கழித்து மறுபடி பூட்டு. சுற்றுலாக்காரர்களுக்காக அந்த நாளைத் தள்ளிப்போட எங்களால் முடியாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. போய்ப் பாருங்கள், எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி என்று சின்னச் சின்னச் சாமான் வாங்குங்கள். ஆனால் கதவையும் நிலையையும் தூணையும் விலை பேசாதீர்கள். நிலைக்கதவுக்கு விலை வருகிறது என்று தெரிந்தால், சண்டையில் இருக்கும் பங்காளிகள் வீட்டையே பிரித்துவிடுவார்கள். எங்கள் தெருவில் அப்படிப் போன வீடு இருந்த இடத்தில் இப்போது கருவேலம் நிற்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தபோது எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். பட்டியலில் பெயர் இருக்கிறது, அதற்குள் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஏதாவது வாங்கவேண்டும் என்று ஆசையாக இருந்தால் கண்டாங்கிச் சேலை எடுங்கள், ஓலைக் கொட்டான் வாங்குங்கள். இன்றைக்கும் கையால் செய்கிறவர்களுக்குக் காசு போகும்.

மதுரை, சமையல் ஒப்பந்தக்காரர்

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. பாதி ஏமாற்றம் அங்கேதான். நெடுஞ்சாலை ஓரத்தில் "செட்டிநாடு" என்று பலகை வைத்துவிட்டு, மிளகாய்த்தூளையும் எண்ணெயையும் கொட்டி இறக்கிவிடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைச் சாப்பிட்டு வயிறு எரிந்து, செட்டிநாட்டுச் சமையல் என்றாலே காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் அளவோடு சேர்த்து, அன்றைக்கு அரைத்த மசாலாவில் செய்கிற சமையல் அது. காரம் தூக்கலாக இருந்தால் வீட்டு ஆச்சியே தட்டைத் தள்ளிவிடுவார்.

விருந்து என்று விளம்பரம் செய்யும் இடங்களை விடுங்கள். காரைக்குடியில் உள்ளூர்க்காரர்கள் மதியம் வரிசையில் நிற்கும் மெஸ் எது என்று ஆட்டோக்காரரிடம் கேளுங்கள். கோழி வறுவலை மட்டும் தேடாதீர்கள். அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் மண்டி ஒரு கரண்டி கேட்டுப் பாருங்கள். காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும், இனிப்புக்குக் கந்தரப்பமோ கவுனியரிசியோ. பர்மாவிலிருந்து வந்த அந்தக் கறுப்பு அரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தந்தால் அதுதான் விருந்து. கும்மாயம் என்ற இனிப்பு கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

காரைக்குடி, வாடகைக் கார் ஓட்டுகிறவர்

கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி சொன்னது அத்தனையும் நிஜம். என் பங்குக்கு நானும் சொல்கிறேன் சார். ஒரே நாளில் எல்லாம் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மதியம் பன்னிரண்டரையிலிருந்து நாலு மணி வரை பெரும்பாலான கோவில் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் போடும் திட்டம் நிச்சயம் சொதப்பும்.

நான் ஆட்களைக் காலையில் முதல் வேலையாக ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போவேன். அங்கே நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய பெரிய வீடு இருக்கிறது. திருப்பூர் அம்மா ஆசைப்பட்ட மாதிரி உட்காரலாம், மேலே அண்ணாந்து மரவேலையைப் பார்க்கலாம். ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தது பக்கத்தில் இருக்கும், தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறைகள்தான். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. ஒருத்தர் கண்ணாடித் தகட்டைத் துணியால் துடைத்துத் தரையில் வைப்பார். அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகர அச்சு. சாயம் கலந்த சிமெண்டுப் பாலைச் சின்னக் கரண்டியில் எடுத்து, இதழுக்குச் சிவப்பு, நடுவுக்கு மஞ்சள், சுற்றிலும் பச்சை என்று கட்டம் கட்டமாக ஊற்றுவார். அச்சை மெதுவாகத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். கை நடுங்கினால் பூ கலங்கிவிடும். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அள்ளிப்போட்டுக் கரணையால் மட்டம் தட்டுவார். அப்புறம் காயவைத்து, சில நாள் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, கண்ணாடியைக் கழற்றினால் அடியில் பளபளவென்று பூ. சூளையில் சுடுவதே இல்லை. அந்தக் கண்ணாடி கொடுப்பதுதான் அந்த மினுமினுப்பு. பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஆனாலும் அங்கிருந்து நகரமாட்டார்கள். கேட்டால் ஒரு கல்லை அவர்களையே ஊற்றவும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்கிறவருக்கு மறக்காமல் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

கானாடுகாத்தானில் அரண்மனை வாசலில் நிற்காமல் தெருத்தெருவாக நடக்கச் சொல்வேன். வெயில் ஏறுவதற்கு முன்பு அல்லது சாயங்காலம் அஞ்சுக்கு மேல். மதிலின் சுதை பொம்மைகளில் லட்சுமியும் இருப்பாள், துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாயும் இருப்பான். வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில், அவ்வளவு நீளம். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, வாய்க்கால் எங்கே போகிறது, ஊருணி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் ஊர் கட்டிய விதம் பிடிபடும். மழை குறைந்த சீமை இது. ஊருணி இல்லாவிட்டால் இந்த மாளிகைகளில் யாரும் குடியிருந்திருக்க முடியாது.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

கோவில்களை எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறீர்கள். நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், ஒன்பது கோவில்களில் பிள்ளையார்பட்டி ஒன்றுக்குத்தான் கூட்டம். இளையாத்தங்குடியும் இரணியூரும் மாத்தூரும் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கும் இடங்கள், நெரிசலும் இல்லை. இரணியூர்த் தூண் சிற்பங்களை நின்று நிதானமாகப் பாருங்கள்.

திருமயத்தில் பலரும் கோட்டை மேல் ஏறிப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சேதுபதிகள் கட்டிய அந்தக் கோட்டை நல்ல இடம்தான். ஆனால் அதே குன்றின் அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள் இருக்கின்றன. பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தைப் பார்க்கத் தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பவேண்டும். அதைப் பார்க்காமல் திரும்பினால் திருமயம் போனதாகவே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

திருப்பூர், பனியன் கம்பெனிக் கணக்கர்

எல்லோருக்கும் நன்றி. ஆச்சிக்கு ஒரு கேள்வி. ஆத்தங்குடி தவிர, அம்மா உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வேறு வீடுகள் உண்டா? இந்தத் தடவை டிராவல்ஸ் வேண்டாம், நாங்களாகவே வருகிறோம்.

கானாடுகாத்தான் பக்கத்து ஊர், இல்லத்தரசி

உண்டு தம்பி. இந்தப் பக்கத்தில் பழைய வீடுகள் சிலவற்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அவற்றில் ஒரு இரவு தங்கினால் வளவும் பட்டாலையும் உங்களுடையதுதான், யாரும் விரட்டமாட்டார்கள். தங்க முடியாவிட்டால் முதல் நாளே போன் செய்து, மதியச் சாப்பாட்டுக்கு வருகிறோம், வீட்டையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். வேறு சில வீடுகளில் காவல்காரர் இருப்பார். வீட்டுக்காரர் சம்மதம் இருந்தால் திறந்து காட்டுவார், இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். வாசலில் ஏழெட்டுப் படி இருக்கும், அம்மாவை மெதுவாக ஏற்றுங்கள். செருப்பைத் திண்ணைக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். கார்த்திகை முடிந்து மாசி வரை வெயில் தாழ்வாக இருக்கும். தை மாதம் என்றால் கல்யாண வீடுகள் நிறைய, விடுதிகளில் இடம் சீக்கிரம் முடிந்துவிடும். மார்கழியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.