முதல் செமஸ்டரிலேயே 18 கிரெடிட் தாங்குமா?

வணக்கம். கொழும்பில் கலைப்பீடம், முதலாம் வருடம். உயர்தரம் தமிழ் மீடியத்தில் படித்தேன். இங்கே என் பாடங்கள் எல்லாமே இங்கிலிஷ். பாடப் பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கட்டாயப் பாடங்கள் 12 கிரெடிட். பொருளியலும் புள்ளிவிபரவியலும் சேர்த்தால் 18.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட்டுக்கு, விரிவுரை, சுயபடிப்பு எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். 18க்கு 900. அதை 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 60! மொரட்டுவையிலிருந்து 101 பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் போகும் நேரம் தனி. பின்னேரம் வெள்ளவத்தையில் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன், அதை விட ஏலாது.

சீனியர் அக்கா ஒருவர், “எல்லாத்தையும் போடு, பிறகு டிரொப் பண்ணலாம்” என்றார். விரிவுரையாளர் “உங்கள் விருப்பம்” என்று முடித்துவிட்டார். நேர அட்டவணை போட்டுப் பார்த்தேன்: புதன்கிழமை காலை 8 முதல் மாலை 5 வரை சாப்பிடக்கூட இடைவெளி இல்லை. புள்ளிவிபரவியல் வகுப்பிலும் இருந்து பார்த்தேன். கணக்கு விளங்குகிறது, கேள்வியின் இங்கிலிஷ்தான் இழுக்கிறது.

புள்ளிவிபரவியலை அடுத்த வருடத்துக்குத் தள்ளி 15 கிரெடிட்டோடு தொடங்கினால், பிறகு பொருளியலில் ஸ்பெஷல் (ஹொனர்ஸ்) டிகிரி செய்ய அது இடைஞ்சலாகுமா? அப்படிச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.