பிட்ஸ்பர்க் கவுண்டி நீதிமன்றம்: உள்ளே போய்வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரைக்காரன்:

அமெரிக்கக் குடியுரிமை கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, பிட்ஸ்பர்க் இருக்கிற அலெகேனி கவுண்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஜூரி சம்மன் வந்துவிட்டது, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழுவுக்கு அழைப்பு. நம் ஆட்களிடம் சொன்னால் முதல் கேள்வியே "எப்படிக் கழன்றுகொள்ளப் போறீங்க?" என்பதுதான். கழன்றுகொள்ளாதீர்கள், போய் வாருங்கள். கிராண்ட் தெருவில் நிற்கிற அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாள் முழுக்க இருக்கக் கிடைப்பதே பெரிய விஷயம்.

பெயரைப் பதிந்துகொண்டு உட்கார வைத்தார்கள். பிறகு காத்திருப்புதான். ஒரு வழக்குக்கு எங்களில் சிலரை அழைத்துப் போனார்கள், வக்கீல்கள் கேள்வி கேட்டார்கள், என்னை எடுக்கவில்லை. இடையில் மதிய இடைவேளையில் நடு முற்றத்துக்கு வந்தேன். நான்கு பக்கமும் கருங்கல் சுவர் உயர்ந்து நிற்க, நடுவில் நீரூற்று. பெஞ்சில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த வயதான ஊழியர் ஒருவர், நான் அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இது மூன்றாவது கோர்ட், தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

முதல் நீதிமன்றம் இன்றைய மார்க்கெட் ஸ்கொயரில் இருந்தது. இரண்டாவதை ஜான் சிஸ்லெட் என்ற கட்டடக் கலைஞர் கிரேக்கப் பாணியில், தூண்களும் குவிமாடமுமாக வடிவமைத்தார். 1758-ல் மேஜர் ஜேம்ஸ் கிராண்டின் பிரிட்டிஷ் படை பிரெஞ்சுக்காரர்களிடமும் பூர்வகுடிகளிடமும் தோற்ற குன்று இருக்கிறதே, அந்த கிராண்ட் குன்றின் மேல் 1840-களின் தொடக்கத்தில் அது எழுந்து நின்றது. ஊரின் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். ஆனால் முகப்பு மணற்கல். பிட்ஸ்பர்க்கிலோ உலை உலையாக நிலக்கரி எரிந்த காலம். புகையிலிருந்த அமிலம் கல்லை அரித்து, முகப்பு பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்தது. கடைசியில் 1882 மே 7-ல் தீப்பிடித்து அந்தக் கட்டடமே போய்விட்டது.

அடுத்ததைக் கட்டப் போட்டி வைத்தார்கள். ஹென்றி ஹாப்ஸன் ரிச்சர்ட்ஸன் வென்றார். 1884-ல் வேலை தொடங்கி 1888-ல் முடிந்தது. மாசசூசெட்ஸிலிருந்து கருங்கல் வந்தது. சுவரைத் தொட்டுப் பாருங்கள், ஒவ்வொரு கல்லும் முரட்டுத்தனமாகக் கொத்தி விட்டதுபோல இருக்கும். உதிர்ந்துபோன மணற்கல்லை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால், எதற்கு இவ்வளவு கனம் என்று யாரும் கேட்கமாட்டோம். பழையது எப்படிச் செத்தது என்பதை மறக்காமல் கட்டிய கட்டடம் இது என்பது என் எண்ணம்.

ஓக்லண்ட் மாணவி:

அண்ணா, கோபுரத்தை விட்டுவிட்டீர்களே! நான் கட்டடக்கலை படிக்கிறேன். எங்கள் வகுப்பை அங்கே கூட்டிப்போனபோது எங்களுக்கு அதிகம் விளக்கியதே அதைத்தான். முன்பக்கக் கோபுரம்தான் அந்தக் கட்டடத்தின் மூக்கு. தெருமட்டத்தில் புகையும் கரித்தூளும். அதனால் நல்ல காற்றை உயரத்தில் இழுத்து உள்ளே இறக்கினார்கள். கெட்ட காற்று பின்பக்கத்து இரண்டு கோபுரங்கள் வழியாக வெளியே போனது. அழகுக்காக வைத்த கோபுரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நீங்கள் உட்கார்ந்த முற்றமும் அதே யோசனைதான். கட்டடத்தை நடுவில் காலியாக விட்டதால் அறைகளுக்கு உள்பக்கமிருந்தும் வெளிச்சம் வருகிறது. பிற்காலத்தில் அந்த முற்றத்தைக் கார் நிறுத்தமாக வைத்திருந்தார்கள் என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. 1970-களில்தான் மீட்டுப் பூங்காவாக்கினார்கள்.

உள்ளே போகிறவர்கள் பெரிய படிக்கட்டை விட்டுவிடாதீர்கள். வளைவுக்கு மேல் வளைவாக, ஒரு தளத்தில் நின்றால் அடுத்த தளத்துப் படிகள் வளைவுகளுக்கு நடுவே தெரியும். நான் வரைவதற்கு உட்கார்ந்து, நோட்டில் பாதிகூட வராமல் எழுந்தேன்.

இதைக் கட்டியவர் முடிந்த கட்டடத்தைப் பார்க்கவில்லை. ரிச்சர்ட்ஸன் 1886 ஏப்ரலில் 47 வயதில் இறந்துவிட்டார். அவர் அலுவலகத்து இளைஞர்கள் முடித்தார்கள். அவர் சிகாகோவில் கட்டிய மார்ஷல் ஃபீல்ட் மொத்த விற்பனைக் கட்டடத்தை 1930-ல் இடித்துவிட்டார்கள். இது மிஞ்சியது. டொரண்டோவின் பழைய நகர மன்றத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபுரம் எங்கேயோ பார்த்ததாகத் தோன்றும். அந்தக் கட்டடத்தில் இதன் சாயல் அப்படியே இருக்கிறது.

பென் ஹில்ஸ் அத்தை:

நான் போனது மகள் கல்யாண லைசென்ஸ் விஷயமா. ஆபீஸ் கோர்ட்டுல இல்ல, பக்கத்து சிட்டி-கவுண்டி பில்டிங்ல. விண்ணப்பிச்சு மூணு நாள் கழிச்சுதான் லைசென்ஸ் கைக்கு வரும், கடைசி நேரத்துல ஓடாதீங்க. பென்சில்வேனியாவுல சாமியாரோ ஜட்ஜோ இல்லாமலே, ரெண்டு சாட்சியை வெச்சு மணமக்களே கையெழுத்துப் போடுற லைசென்ஸும் உண்டு. குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவோட வழக்கத்துலேர்ந்து வந்தது. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு அது ரொம்ப வசதி.

அப்புறம் போட்டோ எடுக்க கோர்ட் முற்றத்துக்குப் போனோம். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு வாசல் ஏன் இப்படிக் குனிஞ்சு போற மாதிரி இருக்குன்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டேன். காரணம் பிறகுதான் தெரிஞ்சது: 1912, 1913 வாக்குல கிராண்ட் தெரு மேட்டை வெட்டித் தாழ்த்திட்டாங்க. அதுல அசல் வாசல் உசரத்துல தொங்கிப்போச்சு. இப்ப நாம நுழையறது அந்தக் காலத்துல தரைக்குக் கீழ இருந்த பேஸ்மென்ட். எதிர்ல இருக்கற ஃப்ரிக் கட்டடத்துக்கும் அதே கதிதான். தெருவுல நின்னு மேல பாருங்க, பழைய வாசல் வளைவு தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்:

எனக்குப் பழக்கம் பின்பக்கம். ராஸ் தெருவில் இருக்கும் குடும்ப நீதிமன்றத்துக்குத் தமிழ் பேசுபவர்களுக்காக மொழிபெயர்க்கப் போவேன். அதுதான் ரிச்சர்ட்ஸன் கட்டிய பழைய சிறை. நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் நடுவில் தெருவுக்கு மேலே கல்பாலம் ஒன்று போகிறது. வெனிஸின் பெருமூச்சுப் பாலத்தை ஒட்டிக் கட்டியது. கைதிகளை அதன் வழியாகத்தான் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள்.

1902 ஜனவரியில் பிடில் சகோதரர்கள் என்ற இரண்டு மரண தண்டனைக் கைதிகள் இந்தச் சிறையிலிருந்து தப்பினார்கள். உதவியது சிறைக் கண்காணிப்பாளரின் மனைவியே. 1995-ல் சிறையை மூடினார்கள். உள்ளே மாற்றியமைத்து 2000-ல் குடும்ப நீதிமன்றமாகத் திறந்தார்கள். சிறையறைகளில் ஒரு பகுதியைக் காட்சிக்கு அப்படியே வைத்திருக்கிறார்கள்.

குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்குக்கு வருகிறவர்கள் அந்த மதில் சுவரைப் பார்த்ததும் மிரண்டுபோவதை நானே பார்த்திருக்கிறேன். முதல் தடவை வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: இது முன்பு சிறை, இப்போது இல்லை, உள்ளே வெளிச்சமாக இருக்கும், பயப்படாதீர்கள். அந்தச் சுவரை இடிக்காமல் உள்ளே வேறு வேலைக்கு இடம் கொடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கே வருகிறவர்களின் மனநிலை தெரிந்து யாராவது கூட நிற்கவேண்டும்.

புதிதாக வந்தவர்:

எனக்கு கிரீன் கார்டுதான். எனக்கும் ஜூரி கடிதம் வந்திருக்கிறது. போகலாமா?

மதுரைக்காரன்:

குடியுரிமை இல்லாதவர்கள் ஜூரியாக இருக்க முடியாது, தம்பி. ஆனால் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கேள்வித்தாளில் குடியுரிமை இல்லை என்று உள்ளபடி நிரப்பித் திருப்பி அனுப்புங்கள். கட்டடத்தைப் பார்க்கச் சம்மன் தேவையில்லை. வாரநாளில் போங்கள். வாசலில் விமான நிலையம் மாதிரி சோதனை உண்டு, சின்னக் கத்திகூட எடுத்துப் போகாதீர்கள்.